தூரமானியும் மலைச் சரிவும்

நமது புத்தூரிலே மலை கிடையாது. கோயிற் கோபுரமும் பனைமரமுமே இங்கு அண்ணாந்து பார்க்கத் தக்கவை. குனிந்து பார்க்க வேண்டுமாயின் நிலாவரைக் கிணறு உண்டு. இத்தகைய சமதரையிலே பிறந்து வளர்ந்து, இப்பொழுது நோர்வே நாட்டின் மலைப்புறமொன்றிலே குடியிருக்கும் அன்பர் ஒருவர் அண்மையில் நமக்கு மடல் எழுதியிருந்தார். அந்நாட்டில் வேட்டைக்குச் செல்ல விரும்புவோர் பாடங் கற்றுத் தேர்விலே சித்தியெய்த வேண்டும். பெரிய விலங்குகளைச் சுட விரும்பினால் ஆண்டுதோறும் குறிபார்த்துச் சுடும் சோதனையிலும் தேற வேண்டும். இரண்டிலும் தேறிவிட்ட அன்பர், துருவமான் வேட்டைக்கென ஒரு தூரமானி வாங்க எண்ணியிருக்கிறார். கடையிலே இரண்டு கருவிகளைக் காட்டினார்களாம். ஒன்று 2,000 மீற்றர் வரை அளக்கும் என்று பெட்டியிலே பெரிதாக எழுதியிருக்கிறது. மற்றது 1,000 மீற்றருக்கு மேற் செல்லாது. ஆனால் சரிவின் கோணத்தையும் கணக்கிட்டுச் சொல்லும். விலையோ ஏறத்தாழ ஒன்றுதான். எதை வாங்கலாம் என்பது அவருடைய கேள்வி.

குடும்பத்தார் படிக்கும் பக்கத்தில் வேட்டையைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கலாம். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் மானையும் மரையையும் காத்து நிற்கின்றன. அதனை மீறும்படி எவருக்கும் நாம் சொல்லோம். நோர்வேயில் நிலைமை வேறு. எத்தனை விலங்குகளைச் சுடலாம் என்று அங்கே ஆண்டுதோறும் அளந்து கொடுக்கிறார்கள். சுடுவதென்று ஆனபின், ஒரே வெடியில் விலங்கு வீழ்வது ஒன்று. காயம்பட்டுப் பாறையிடுக்கில் உருண்டு, எவர் கைக்கும் எட்டாமல் இராமுழுதும் கிடந்து சாவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது பலவேளைகளில் தூரத்தைப் பிழையாக மதித்த ஒரு கணமே. அன்பரின் கேள்வி பணத்தைப் பற்றியது மாத்திரமன்று என்பதனாலேயே விடை எழுத முற்பட்டோம்.

கோணஞ் சொல்லும் கருவியையே அவர் வாங்கட்டும். காரணம் அறிய விரும்பும் மாணவர்கள் வீட்டுச் சுவரிலே ஓர் ஏணியைச் சாத்திப் பார்க்கலாம். ஏணியின் நீளம் 20 அடி என்றும், அது தரையோடு 60 பாகைக் கோணத்தில் நிற்கிறது என்றும் கொள்வோம். ஏணியின் அடிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தரைத்தூரம் 10 அடிதான். செங்கோண முக்கோணியில் ஏணி செம்பக்கம். தரை அதன் அயற்பக்கம். சாதாரணத் தூரமானி சொல்வது ஏணியின் நீளத்தை. துப்பாக்கிச் சன்னத்துக்கு வேண்டியதோ தரையின் நீளம்.

அது எவ்வாறு என்று கேட்கலாம். துப்பாக்கியை விட்டுப் புறப்பட்ட சன்னம் அக்கணம் முதலே புவியீர்ப்பினால் கீழே விழத் தொடங்குகின்றது. சமதரையில் சுடும்போது அவ்வீர்ப்பு முழுவதும் அதன் பாதைக்குக் குறுக்கே இழுக்கின்றது. சரிவிலே மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுடும்போது ஈர்ப்பின் ஒரு பங்கு பாதையின் வழியே செல்கின்றது. குறுக்கே இழுப்பது மிச்சமுள்ள பங்கே. ஆகவே பார்வைக் கோட்டிலிருந்து சன்னம் தாழ்வது குறைகிறது. எவ்வளவு தாழும் என்பதைச் சாய்வுத் தூரத்தைக் கொண்டன்று, தரைத்தூரத்தைக் கொண்டு கணிப்பதே உண்மைக்கு மிக அணித்தானது. மேல்நோக்கிச் சுட்டால் உயர்த்திக் குறிபார்க்க வேண்டும், கீழ்நோக்கிச் சுட்டால் தாழ்த்த வேண்டும் என்று நம்மிற் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பிழை. சமதரையில் வைக்கும் குறியைவிட இரண்டிலும் சற்றுத் தாழ்த்தியே வைக்க வேண்டும்.

எதிர்ச்சரிவில் நிற்கும் மான் 400 மீற்றர் என்று கருவி காட்டுகிறது; சரிவு 30 பாகை. கோசைன் அட்டவணையைப் பார்த்தால் தரைத்தூரம் 346 மீற்றர். 200 மீற்றருக்குக் குறி சரிசெய்த சாதாரண மான் துப்பாக்கி ஒன்றில், 400 மீற்றருக்கு வைக்கும் குறிக்கும் 346 மீற்றருக்கு வைக்கும் குறிக்கும் வித்தியாசம் ஓர் அடிக்கு அணித்தாகும். மானின் நெஞ்சிலே இருதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் அந்த ஓர் அடி அகலங்கூட இல்லை. கருவியின் எண்ணை அப்படியே நம்பியவருடைய சன்னம் முதுகுக்கு மேலே பறக்கும், அல்லது முதுகைக் கிழிக்கும். 45 பாகையாயின் 400 மீற்றர் 283 ஆகிவிடும். ஆனால் 15 பாகையில் 386. இதற்காக எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. மலையிலே நிற்பவனுக்கு எந்தச் சரிவும் உள்ளதைவிடச் செங்குத்தாகவே தோன்றும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். கண்மதிப்பில் 45 பாகை என்றது அளந்தால் 30 ஆகும். கோணத்தை மனிதனிடம் விடாமற் கருவியிடம் விடுவதற்கு அதுவும் ஒரு நியாயம்.

இக்கணக்கு நம்மவருக்குப் புதிதன்று. மலைநாட்டிலே தேயிலைத் தோட்டம் அளக்கும் நிலஅளவையாளர், சரிவின் மேலே சங்கிலி பிடித்தாலும் படத்தில் எழுதுவது தரைத்தூரத்தையே. சரிவு எத்தனை முறை ஏறி இறங்கினாலும் உறுதியிலே தட்டையான பரப்புத்தான் இருக்கும். புத்தூர்க் காணிகளிலே இந்த வேறுபாடு தலைகாட்டுவதில்லை. அதனாற்றான் சமதரையிற் பிறந்தவர் மலைக்குப் போகும்போது ஏமாறுகிறார்.

இனி, 2,000 மீற்றர் என்ற அந்தப் பெரிய எழுத்தைப் பற்றி. இக்காலக் கருவி கண்ணுக்குத் தெரியாத லேசர்த் துடிப்பொன்றை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணிக்கின்றது. ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வது. 300 மீற்றருக்கு அப்பாலுள்ள பாறைக்குப் போய்வர ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் இரண்டு பங்குதான் பிடிக்கும். இந்த நுட்பம் வியக்கத் தக்கதே. ஆனால் பெட்டியிலுள்ள எண், ஒளியை நன்றாகத் திருப்பும் பளபளப்பான பலகையை வைத்துப் பெற்றது. மானின் உரோமம் பலகையன்று. ஈரமான கபில நிற உரோமத்திலிருந்து திரும்பும் ஒளி சொற்பம். எழுதிய எண்ணிற் பாதி கிடைத்தால் நல்ல கருவி என்று வாழ்த்தலாம். நேர்மையான வேட்டைக்காரனுக்கு 400 மீற்றருக்கு மேல் எதற்காக வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை. அதற்கும் கிட்ட நடந்து செல்வதே உத்தமம். 150 மீற்றரில் 30 பாகைச் சரிவு வெறும் 20 மீற்றரைத்தான் குறைக்கும். குறியை மாற்றவே வேண்டாம். கால்கள் செய்யும் இவ்வுபகாரத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

கதிரின் அகலமும் கவனிக்க வேண்டியது. 400 மீற்றரிலே அது ஒரு முழம், ஒன்றரை முழமாக விரிந்து நிற்கும். முன்னே ஆடும் புல்லிற் பட்டாலும் விடை வரும்; மூடுபனியிற் பட்டாலும் வரும். மலைமுகட்டிலே நிற்கும் மானைத் தப்பிய கதிர், அப்பாலுள்ள வேறொரு மலையைத் தொட்டு ஆயிரம் மீற்றர் என்று சொல்லக்கூடும். முன்னுள்ளதை விட்டுக் கடைசியாகத் திரும்பியதைக் காட்டும் ஏற்பாடு சில கருவிகளில் உண்டு. புல்லும் புதரும் நிறைந்த சரிவில் அது உதவும். முகட்டிலோ அதுவே ஏமாற்றும். விலங்கின் அருகேயுள்ள பாறையை மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவந்தால் நம்புக என்பது நமது யோசனை. கையை நீட்டி நின்று அளக்காமல், கல்லிலோ தடியிலோ ஊன்றி அளக்க வேண்டும். மின்கலம் குளிரிலே வலுக்குன்றும். ஆகையால் கருவியைப் பையிலே வைக்காமல் உட்சட்டையோடு வைத்திருப்பது நல்லது.

முற்காலத்தவர் என்ன செய்தார்கள்? 1888இல் லீட்ஸ் நகரக் கல்லூரியில் ஆசிரியர்களாயிருந்த ஆர்ச்சிபோல்ட் பார், வில்லியம் ஸ்ட்ரவுட் என்னும் இருவர் கூடி ஒரு தூரமானியை ஆக்கினர். ஒரு குழாயின் இரு முனைகளிலிருந்தும் ஒரே பொருளைப் பார்த்து, இரண்டு தோற்றங்களையும் ஒன்றாகப் பொருத்தி, அப்பொருத்தத்துக்கு வேண்டிய சிறு கோணத்தாலே தூரத்தை அறிவது அதன் முறை. கையை நீட்டிப் பெருவிரலை ஒரு கண்ணாலும் பின் மறு கண்ணாலும் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றுவதே அதன் தத்துவம். கடற்படைகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது. தோளிலே துப்பாக்கியும் சோற்றுமூட்டையும் தூக்கி மலையேறுபவனுக்கு ஆகாத சுமை அது. நுவரெலியாவில் 1840களின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர், அம்மலைக் காடுகளில் மரை வேட்டைக்குத் துப்பாக்கியை விட்டு நாய்களையும் கத்தியையும் கொண்டு போனார். அடர்காட்டிலே தூரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தமிழ் வழங்கும் நிலத்திலே சரிவும் துப்பாக்கியும் உண்மையாக எதிர்ப்பட்ட இடம் நீலகிரி. வரையாடு என்ற பெயரே அதன் இருப்பிடத்தைச் சொல்கிறது. வரை என்பது செங்குத்தான மலை. ஆபத்து கீழிருந்தே வரும் என்று அது பள்ளத்தைப் பார்த்துக் காவல் நிற்கும். ஆகவே வெள்ளைக்கார வேட்டைக்காரர் மேலிருந்து அணுகிக் கீழ்நோக்கிச் சுட்டனர். தெளிந்த மலைக்காற்றிலே பள்ளத்துக்கு அப்பாலுள்ளது அருகில் இருப்பது போலத் தோன்றும். மதிப்புத் தவறிக் காயம்பட்ட ஆடு பாறை விளிம்பை நோக்கி ஓடும், விழுந்தால் விழுந்ததுதான். வேட்டை விலங்குகள் அருகுவதைக் கண்ட வேட்டைக்காரரே 1877இல் ஒரு சங்கம் கூட்டினார்கள். 1879இல் நீலகிரிக்கெனத் தனி வேட்டைச் சட்டமும் பிறந்தது. அச்சங்கம் பின்னர் வனவிலங்குகளைக் காக்கும் சங்கமாக மாறியது. 1972ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்துக்குப் பின் வரையாட்டைச் சுடுவது குற்றம்.

சுடுவது நின்றது; எண்ணுவது தொடர்ந்தது. 1963இலும் 1975இலும் வரையாடுகளைக் கணக்கெடுத்து எழுதிய ஈ. ஆர். சி. டேவிதாரை நினைந்து, தமிழக அரசு அக்டோபர் 7ஆம் திகதியை வரையாட்டு நாளாக வைத்திருக்கிறது. 2024இல் நடந்த கணக்கெடுப்பிலே தமிழகத்தில் 1,031 வரையாடுகள் என்று கண்டார்கள். இந்தியக் காடுகளிலே மான் முதலியவற்றை எண்ணச் செல்வோர் பலர் கையில் இன்று இதே லேசர்த் தூரமானி இருக்கிறது. நேர்கோட்டிலே நடந்து, கண்ட விலங்கு எத்தனை மீற்றர் என்று குறித்து, அதிலிருந்து காட்டின் மொத்தத்தைக் கணிக்கிறார்கள். சரிவிலே அவர்களுக்கும் வேண்டியது செம்பக்கமன்று, தரைத்தூரமே. அதை மறந்தால் விலங்குகளின் தொகை பிழைத்துவிடும்.

இவ்வளவையும் அன்பருக்கு எழுதி அனுப்பினோம். கோணமானி உள்ளதையே வாங்கிவிட்டதாகவும், வேட்டைக்காலம் தொடங்குமுன் துப்பாக்கியின்றி மலையேறிப் பாறைகளை அளந்து பழகுவதாகவும் பதில் வந்தது. அதன் அடியில் ஒரு வரி: அடுத்த முறை ஊருக்கு வரும்போது கருவியைக் கொண்டுவந்து நிலாவரையின் ஆழத்தை அளந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். கரையிலே நின்று சாய்வாக நோக்கினால் நீர் அக்கதிரைத் திருப்பி அனுப்பாது, அப்பால் எறிந்துவிடும். கயிறும் ஈயக்குண்டும் நம்மிடம் இருக்கின்றன, வெறுங்கையோடு வரலாம் என்று எழுதியிருக்கிறோம்.