ஓடாத வீடியோ: தொழில்நுட்பக் குறையா, கொள்கைக் குறையா?

2019 ஆகஸ்ட் 5 அன்று ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து பறிக்கப்பட்டபோது, தொலைபேசியும் இணையமும் சேர்த்தே துண்டிக்கப்பட்டன. 2020 ஜனவரி இறுதியில் கைப்பேசி இணையம் திரும்பியது; 2ஜி வேகத்தில் மட்டும், அரசு பட்டியலிட்ட சுமார் 300 தளங்களுக்கு மட்டும். அந்தத் தளக் கட்டுப்பாடு மார்ச்சில் நீங்கியது. வேகக் கட்டுப்பாடு பெரும்பாலான மாவட்டங்களில் 2021 பிப்ரவரி 5 வரை நீடித்தது. இடையில்தான் கொரோனா வந்தது; பள்ளிகள் மூடப்பட்டன; வகுப்பறை கைப்பேசித் திரைக்குள் சென்றது.

வேகம் குறைந்தால் வீடியோ தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளுமே, பிறகென்ன சிக்கல் என்று கேட்கலாம். அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

ஒரு வீடியோ சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சேமிக்கப்படுகிறது. முந்தைய துண்டு எவ்வளவு வேகத்தில் வந்தது, கையிருப்பில் எத்தனை நொடிகள் உள்ளன என்று கணக்கிட்டு, அடுத்த துண்டின் தரத்தைச் செயலி தேர்வு செய்கிறது. ஆப்பிள் 2009-ல் தனது முறையைக் கொண்டுவந்தது. 2012-ல் இதற்குச் சர்வதேசத் தரநிலையும் வந்தது. இது ஓர் ஏணி. ஏறவும் இறங்கவும் முடியும்; ஆனால் கடைசிப் படிக்குக் கீழே கால் வைக்க இடமில்லை.

மிகக் குறைந்த 144பி தரத்துக்கே நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் தேவை. 2ஜியின் எட்ஜ் முறை ஏட்டளவில் 384 கிலோபிட் தரும். ஒரே கோபுரத்தைப் பலர் பகிரும்போது அதில் சிறு பகுதியே கைக்கு வரும். நேரலை வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். ஆசிரியர் இனிமேல் பேசப்போவதை முன்கூட்டியே சேமித்துவைக்க முடியாது. எனவே கையிருப்பு என்பதே கிட்டத்தட்ட இல்லை.

நுட்பத்தை மேம்படுத்தும் ஆய்வுகள் நடக்காமல் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பஃபர் திட்டம் உண்மையான பயனர்களிடம் பல முறைகளைச் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டது. கையிருப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் எளிய முறை, நுட்பமான முறைகளுக்கு ஈடுகொடுத்தது. உண்மையான இணைப்புகளின் தரவில் பயிற்சி பெற்ற முறையே அதைத் தாண்டியது. அப்படியானால், நலிந்த இணைப்புள்ள மக்களின் தரவு எந்தச் சோதனையில் இடம்பெறுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2020 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் கேட்டுக்கொண்டதும், நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் தனது தரவு ஓட்டத்தை 25 சதவீதம் குறைத்தது. மேல்படியைச் சில நாட்களில் இறக்க முடிந்தவர்களுக்கு, கீழே இன்னொரு படி வைப்பதும் முடியாத காரியமல்ல. படம் நின்றாலும் குரல் நிற்காத படி அது. தெளிவான பேச்சுக்கு 32 கிலோபிட்டே போதும்.

ஆயினும் எந்த நுட்பமும் ஓர் அரசாணைக்கு ஈடுகொடுக்க முடியாது. காலவரையற்ற இணைய முடக்கம் கூடாது, உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மே 11 அன்று 4ஜியைத் திருப்பித் தர உத்தரவிடாமல், முடிவை உள்துறைச் செயலாளர் தலைமையிலான குழுவிடம் விட்டது. முடக்கியவர்களிடமே முறையீடு! அதே ஆண்டு நவம்பரில், ஓர் உத்தரவு 15 நாட்களுக்கு மேல் செல்லாது என விதி திருத்தப்பட்டது. எனினும் 2023-ல் மணிப்பூரில், அடுத்தடுத்த உத்தரவுகளால் கைப்பேசி இணையம் மாதக்கணக்கில் முடங்கியது. விதி இருந்தது, மக்களுக்கு இணையம் இல்லை.

சமுதாயமாக நமக்கும் பொறுப்பு உண்டு. நம் மத்ரஸாக்களும் ஜமாஅத்களும் வெளியிடும் பயான்களும் வகுப்புகளும் பெரும்பாலும் உயர்தர வீடியோவாக மட்டுமே வருகின்றன. கூடவே ஒலிப்பதிவையும் எழுத்துக் குறிப்பையும் தந்தால், நலிந்த இணைப்பில் இருப்பவரும் விடுபட மாட்டார். கல்வி தேடுவதைக் கடமையாகக் கருதும் நாம், அதன் வாசல் வேகமான இணையம் உள்ளவருக்கு மட்டும் திறந்திருப்பதை ஏற்க முடியாது. அரசிடம் நீதி கேட்போம். நம்மால் இயன்றதை இன்றே தொடங்குவோம்.