விளையாட்டரங்கம்: ஆடுவோரும் ஆள்வோரும்

நம் சங்கத்தின் விளையாட்டுக் குழுவுக்குத் தேர்தல் நெருங்கிவிட்டது. இப்போதுள்ள குழுவில் அங்கத்தினர் 11 பேர். அவருள் பெண்மணி ஒருவரேனும் இல்லை. நம் கிரிக்கெட் கோஷ்டியில் பாதிக்கு மேற்பட்டோர் தாராவி இளைஞர்கள். குழுவில் தாராவிவாசி ஒருவரும் இலர். அவர்கள் வென்று வந்த கோப்பைகள் மட்டும் மாதுங்காவில், நம் காரியாலயத்து அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

"திறமையுள்ளவர் தாமே மேலே வருவர், இவருக்கு இத்தனை இடம் என்று ஒதுக்குவானேன்?" என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. இதற்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. இந்நகரத்து ஜிம்கானா மைதானங்களின் சரித்திரமே போதும்.

பல்வங்கர் பாலு என்பவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளத்தைச் செப்பனிட்டு, துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசியே கலையைக் கற்றார். ஹிந்துக்களின் கோஷ்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. விக்கெட் வீழ்த்துவதற்கு அவர் வேண்டும். ஆனால் தேநீர் வேளையில் மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண்குவளை! 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டியில் அவர் சாய்த்த விக்கெட்டுகள் 114. இதற்கு மேலும் திறமையை எவ்வாறு நிரூபிப்பது? எனினும் தலைமைப் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை. தலைவரை நியமித்தது மைதானமன்று, கமிட்டி அறை. 1920இல் அவருடைய தம்பியர் விட்டலும் சிவராமும் இவ்வநீதியைப் பொறாது கோஷ்டியிலிருந்து விலகி நின்றனர். ஊர் முழுதும் அதுவே பேச்சாயிற்று. கமிட்டி இறங்கி வந்தது. பாலுவுக்கு உபதலைவர் பதவி கிடைத்தது. 1923இல் விட்டல் தலைவரானார். அவ்வாண்டே ஹிந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர்.

ரயில்வேயில் ஊழியம் செய்யும் நமக்கு இன்னொன்றும் கண்ணில் படுகிறது. லோதா குழுவின் சிபாரிசுகளை 2016இல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றபோது, கிரிக்கெட் வாரியத்தில் ரயில்வேக்கிருந்த ஓட்டு பறிபோயிற்று. 2018இல் அது திரும்பக் கிடைத்தது. பெண்கள் கிரிக்கெட்டுக்கு ரயில்வே ஆற்றிய தொண்டும் அப்போது எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: ஓட்டளிப்பவர் சர்க்கார் நியமித்த அதிகாரியாக இருத்தலாகாது, முன்னாள் ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த முன்னாள் ஆட்டக்காரராகவே இருத்தல் வேண்டும். எங்கள் அதிகாரிகளுக்கு இது இனித்திருக்காது. நமக்கு இனித்தது.

அதே வாரியத்தின் உயர்மட்டக் குழுவில் ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகளாக ஓர் ஆடவரும் ஒரு பெண்மணியும் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. அவ்விதியின்படி 2019இல் அங்கே முதன்முதலாக அமர்ந்த பெண்மணி, சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி. இந்தியப் பெண்கள் கோஷ்டியின் தலைவியாக அவர் 1976இலேயே டெஸ்ட் பந்தயம் ஆடியவர். நடுவே 43 ஆண்டுகள்! 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமோ, தேசிய சம்மேளனங்களின் நிர்வாகக் குழுவில் அதிகம் போனால் 15 பேர், அவருள் நால்வரேனும் பெண்கள் என்று வரையறுக்கிறது.

இச்சட்டம் நம்மைப் போன்ற சிறு சங்கங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர நாம் எண்ணியுள்ளோம். 11 இடங்களில் மூன்று பெண்களுக்கு. இரண்டு, ஆடும் இளைஞர்கள் தாமே தேர்ந்தெடுப்பவர்களுக்கு. குழுவின் கூட்டம் ஒரு மாதம் மாதுங்காவிலும் மறுமாதம் தாராவியிலும் நடைபெறட்டும். நேரமும் மாறவேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுத் தாய்மார்கள் வரவில்லை என்று குறைப்படுவது எவ்வகையில் சரி? ஞாயிறு மாலை நான்கு மணி எனில் பலர்க்கும் இயலும்.

பெண் பிள்ளைகளுக்கு ஆண்டு விழாவில் எலுமிச்சை-கரண்டி ஓட்டமும் நாற்காலி விளையாட்டுமே இன்றளவும் வைத்துள்ளோம். பயிற்சிக்கு மைதானம் கேட்டு நான்கு சிறுமியர் எழுதிய விண்ணப்பம் காரியதரிசியின் கோப்பில் ஆறு மாதமாக உறங்குகிறது. அதனையும் பொதுக்கூட்டத்தில் படிக்கச் சொல்லப் போகிறோம். தீர்மானத்தை ஆமோதிக்க அங்கத்தினர் ஐவரின் கையொப்பம் தேவை. இதுவரை மூன்று சேர்ந்துள்ளன.