இருவர் ஆடும் கலைக்கு இருவரும் வேண்டும்

மரபுக் கலைகளைக் கணினியில் பதிந்து காக்க வேண்டும் என்ற பேச்சு நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. பேச்சோடு நில்லாமல், சிலம்பத்தை இறுதியாண்டு ஆய்வாக எடுக்க நினைக்கும் நண்பர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒற்றை ஆளின் கம்பு வீச்சைப் பதிந்துவிட்டு, சிலம்பத்தைப் பதிந்துவிட்டோம் என்று எண்ணாதீர்கள்.

ஒற்றை ஆளை நாடுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. மார்க்கர் வழி அசைவுப் பதிவில், ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை ஆட்டக்காரரின் உடலெங்கும் ஒட்டுவார்கள். சுற்றியுள்ள கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதைப் பிடிக்கும். ஓர் உருண்டையைக் குறைந்தது 2 கேமராக்கள் கண்டால்தான் அது இருக்கும் இடத்தைக் கணிக்க முடியும். ஆனால், கேமராவுக்குத் தெரிவது வெறும் வெள்ளைப் புள்ளிதான். அது முழங்கையா முழங்காலா, யாருடையது என்பதைப் புள்ளி சொல்லாது. பரவலாகப் பயன்படும் பிளக்-இன் கெய்ட் முழுவுடல் முறையில் ஒருவருக்கு 39 உருண்டைகள், இருவருக்கு 78. நெருங்கி மோதும்போது சில மறைந்துவிடும். மீண்டும் தோன்றும்போது ஒருவரின் மணிக்கட்டை மற்றவருடையது என்று மென்பொருள் எழுதிவிடக்கூடும்.

இதற்கு வழிகள் உண்டு. முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கைகளை விரித்து நிற்கவும் மூட்டுகளை அசைக்கவும் சொல்லி, அவரவர் உடலளவை மென்பொருளுக்குக் கற்பிக்க வேண்டும். இருவரும் ஒத்த உடல்வாகு கொண்டவர்களானால், கூடுதல் உருண்டைகளை ஒருவருக்கு இடத் தொடையிலும் மற்றவருக்கு வலத் தோளிலும் ஒட்டி வேறுபடுத்தலாம். கம்புகளிலும் அப்படியே, இரண்டிலும் ஒரே இடைவெளியில் ஒட்டக் கூடாது. பதிவைத் தொடங்கும்போது இருவரும் விலகி நிற்க வேண்டும். தானே ஒளிரும் மார்க்கர்களும் உள்ளன. அவை ஒவ்வொன்றும் தனக்குரிய முறையில் மின்னித் தன்னை அடையாளம் காட்டும். ஆனால், மின்கலத்தையும் உடலில் சுமக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் பிழைகளை நாம்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

"தனித்தனியே பதிந்து, பிறகு கணினியில் சேர்த்துவிடலாமே?" என்று கேட்கலாம். திரைப்படச் சண்டைக்கு அது போதும். கலையின் ஆவணத்திற்குப் போதாது. காற்றில் சுழலும் கம்பு வேறு, எதிராளியின் கம்பில் பட்டுத் திரும்பும் கம்பு வேறு. எதிராளி நிற்கும் தூரத்தைப் பார்த்துத்தான் காலடி மாறுகிறது. அவர் தோள் அசைந்ததும் தடுப்பு எவ்வளவு விரைவில் எழுந்தது என்பதில்தான் ஆசானின் பயிற்சி தெரிகிறது. தனித்தனிப் பதிவுகளை ஒட்டினால், அந்த நேரத்தையும் தூரத்தையும் முடிவு செய்பவர் ஆட்டக்காரர் அல்லர், கணினிமுன் அமர்ந்திருப்பவர்.

தனி வீச்சைப் பதிவதே வீண் என்று நான் கூறவில்லை. ஆனால், 10 பேரின் தனி வீச்சைக் குவிப்பதைவிட, ஓர் இணையின் ஒரு நிமிட மோதலைப் பிழையறத் திருத்தி வைப்பது மேல். திருத்தும்போது ஆசானையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்தப் புள்ளி யாருடையது என்று மென்பொருள் தடுமாறும் இடத்தில், அந்த அடி யாருடையது என்பதை அவர் அறிவார்.

சிலம்பம் இருவருக்கிடையே நிகழ்வது. நாம் விட்டுச்செல்லும் பதிவிலும் இருவர் இருக்கட்டும்.