ஒட்டு விட்ட பொட்டலத்துக்குத் தேதி செல்லாது

சில மளிகைக் கடைகளில் பணம் கட்டும் இடத்துக்கு அருகே ஒரு கூடை இருக்கும். ஓரம் பிரிந்த முறுக்குப் பொட்டலம், ஒட்டுநாடா போட்டு மூடிய கடலைப் பாக்கெட், காற்றுப் போன சிப்ஸ் எல்லாம் அதில் பாதி விலைக்குக் கிடக்கும். “தேதி இன்னும் முடியவில்லையே” என்று நாமும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தத் தேதி, ஒட்டு குலையாத பொட்டலத்துக்குத் தரப்பட்டது. ஒட்டு விட்டால் தேதியும் செல்லாது.

சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பது வெறும் காற்றால் அல்ல. பெரிய ஆலைகள் அதில் நைட்ரஜன் வாயுவை நிரப்புகின்றன. உறையின் உட்பக்கத்தில் உள்ள அலுமினியப் பூச்சு ஒளியையும் ஈரத்தையும் தடுக்கிறது. சிறு துளை விழுந்தாலும் நைட்ரஜன் வெளியேறி, ஆக்சிஜன் உள்ளே புகும். அது எண்ணெயோடு வினைபுரிவதால் சிக்கு வாடை அடிக்கிறது. ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் நம் நாட்டில், பண்டம் நமுத்துப்போகவும் அதிக நேரம் ஆகாது.

சிப்ஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் சுவைதான் கெடும். உண்மையில் அஞ்ச வேண்டியது நிலக்கடலைக்குத்தான். காய்ந்த பண்டத்தில் பூஞ்சணம் வளரப் போதுமான ஈரம் இருப்பதில்லை. ஈரம் ஏறிவிட்டால், ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் கடலையில் வளர்ந்து அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கலாம். 1960-இல் இங்கிலாந்தில் 100,000-க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. நீண்டகாலம் சிறுகச் சிறுக உடலில் சேர்ந்தால் அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்கு. 1988 அக்டோபரில் பேராக் மாநிலத்தில் நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்தனர். அஃப்லாடாக்சினும் போரிக் அமிலமும் காரணம் என ஆய்வாளர்கள் சுட்டினர். அது கிழிந்த பொட்டலத்தால் நேர்ந்ததல்ல. ஆனால் இந்த நஞ்சின் கொடுமையை நம் மண்ணிலேயே காட்டியது.

நமுத்த கடலையை மீண்டும் வறுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வறுத்தால் மொறுமொறுப்புத் திரும்பும். நஞ்சு முழுமையாக அழியாது. அதற்கு நிறமோ வாடையோ இல்லாததால், கண்ணும் மூக்கும் கண்டுபிடிக்க முடியாது. ஓரம் கொறிக்கப்பட்டிருந்தால் கதையே வேறு. எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலைப் பரப்பக்கூடியது.

பாதி விலைக் கூடையில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் குறைந்த வருமானக் குடும்பங்கள்; அந்தப் பொட்டலங்களைத் தின்பவர்கள் சிறுபிள்ளைகள். எடை குறைந்த உடலில் அதே அளவு நஞ்சு கூடுதல் கேடு செய்யும். எனவே இதை வாங்குபவரின் விருப்பம் என்று தள்ளிவிட முடியாது. தேதி நெருங்கிய பொருளைக் கழிவில் விற்பது நியாயமான வணிகம். பிரிந்த பொட்டலத்தை ஒட்டுநாடாவால் மூடி விற்பது அப்படியல்ல. கடைக்காரர் அதை அடுக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்களும் மெழுகுவர்த்திச் சுடரில் பையை ஒட்டுவதை விட்டு, வெப்ப ஒட்டுக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது.

பயனீட்டாளர் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். பொட்டலத்தை மெதுவாக அழுத்திப் பாருங்கள். காற்றுக் கசிந்தால் வைத்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லுங்கள். மறுபடியும் அதே கூடையைக் கண்டால், மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யுங்கள்.