கோபாலனுக்குக் கிடைத்த வேலை



போன வாரம் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த பையன் ஒருவன், "சார், என்னைத் தெரியுதா?" என்று ஓடி வந்தான். தெரியாமலா? நம் பள்ளி அணியில் அவன் பந்து வீச வந்தாலே எதிரணிப் பிள்ளைகள் பயப்படுவார்கள். "இன்னும் ஆடுறியாப்பா?" என்றேன். "காண்ட்ராக்ட் வேலை சார். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். லீவு போட்டா சம்பளம் கட்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

எம்.ஜே.கோபாலன் நினைவுக்கு வந்தார். 1909-ல் மொரப்பாக்கம் கிராமத்தில் பிறந்தவர். அன்று அந்த ஊரும் நம் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே செங்கல்பட்டு ஜில்லா. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிப் போட்டிகளின் முதல் பந்தை வீசியதும் அவர்தான். 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற ஹாக்கி அணியிலும் இருந்தார்.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. ஹாக்கி அணியோ இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 8-1 என வென்று தங்கத்துடன் திரும்பியது. கோபாலன் பேச்சு வந்தால் எல்லோரும் இதைத்தான் சொல்லி 'உச்' கொட்டுவார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கோபாலனின் திறமையைக் கண்டுகொண்ட சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர், அவரைத் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் சேர்த்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். கிராமத்துப் பையன் இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்காக ஆட முடிந்ததற்கு அந்த மாதச் சம்பளமும் ஒரு காரணம். எதை ஆடுவது என்று யோசிக்கும் நிலையாவது அவருக்கு இருந்தது. நம் பையனுக்கு அதுகூட இல்லையே!

"கார் செய்ய வந்த கம்பெனிக்கு கிரிக்கெட் எதற்கு?" என்று கேட்பீர்கள். பர்மா ஷெல்லும் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் விற்க வந்த கம்பெனிதானே? ஐ.சி.எஃப்.பும் இந்தியன் வங்கியும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்ததால் ரயில் பெட்டி நின்றதா, வங்கி மூழ்கியதா? நாம் ஆடிய வெட்டவெளிகளில் பல இன்று காம்பவுண்டுச் சுவருக்குள் இருக்கின்றன. வேலை வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நிலத்தில் ஓடிய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கச் சொல்வது பிச்சை கேட்பதாகாது.

உங்களில் சிலர் இன்று அதே கம்பெனிகளில் எச்.ஆரிலும் சூப்பர்வைசராகவும் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆட்டக்காரர்களையாவது நிரந்தர வேலையில் எடுக்கச் சொல்லுங்கள். மேட்ச் நாளில் ஷிஃப்ட் மாற்றிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மைதானத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

கோபாலன் 2003-ல் காலமானார். இந்தப் பக்கத்தில் இன்னொரு கோபாலன் இருக்கலாம். அவன் எந்த ஷிஃப்டில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் கேட்ட மாதிரியே கேட்டுக்கொள்கிறேன்.