கடைப் பெயர் யார் பேரில் இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. போடியில் கடை, கமிஷன் மண்டி வைத்திருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள்.

நம் ஊரில் ஒரு சென்ட் இடம் வாங்குவதென்றாலும் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். அதே ஆள், கடைக்கு வெப்சைட் என்றதும் "எல்லாம் அந்தத் தம்பி பாத்துக்குவாப்ல" என்று விட்டுவிடுகிறார். டொமைன் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார். இதை வெகுளித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சோம்பேறித்தனம்.

டொமைன் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. அது குத்தகை. மலையில் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்கு எடுக்கலாம், ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்கும் எடுக்கலாம். டாட் இன் பெயர்களின் பதிவேடு நிக்ஸி என்ற நம் நாட்டு அமைப்பிடம் இருக்கிறது. டாட் காம் பதிவேடு அமெரிக்காவின் வெரிசைன் கம்பெனியிடம். அந்தப் பதிவில் 'ரெஜிஸ்ட்ரன்ட்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்குத்தான் பாத்தியதை. பணம் கொடுத்தது நீங்களாக இருக்கலாம், அதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு வேண்டிய ஒருவர், ஏலக்காய் வியாபாரி. வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன் தன் பேரில், தன் ஈமெயிலில் பதிந்துவிட்டு பெங்களூர் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவனுக்குத்தான் போனது. ஒரு காலையில் சைட் இல்லை. அதோடு கடை ஈமெயிலும் செத்தது, ஏனென்றால் அதுவும் அந்தப் பெயரில்தான் ஓடியது. வடநாட்டு ஆர்டர் வருகிற வழியே அடைத்துவிட்டது. போன் செய்தால், "செட்டில் பண்ணுங்க, தர்றேன்" என்கிறான். எந்தக் கணக்கை செட்டில் பண்ணுவது? பெயர் அவருடைய அப்பா வைத்தது!

இந்தத் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் சொல்லும் சமாதானம்: "சார், கஸ்டமருக்கு பாஸ்வேர்டே ஞாபகம் இருக்காது, அதனாலதான் எங்க பேர்ல எடுக்கிறோம்." ஏம்ப்பா, கட்சிக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காகப் பத்திர எழுத்தர் நிலத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்வாரா?

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். சத்யம் இன்ஃபோவே தன் 'சிஃபி' பெயருக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 2004இல் டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னம் போலவே பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பு வாங்கியது. டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸியின் நடுவர் முறையும் உண்டு. ஆனால் அது பெரிய கம்பெனி. மண்டிக்காரர் ஏல சீசனில் வக்கீல் வீட்டுக்கு அலைய முடியுமா?

தேதியையும் அடுத்தவனை நம்பி விடாதீர்கள். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே 35 டாலர் கட்ட மறந்து, ஹாட்மெயில் பலருக்குத் திறக்காமல் போனது. டாட் காம் காலாவதியானால் பதிவுக் கம்பெனி பொதுவாகக் கொஞ்ச நாள் பொறுக்கும். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம். அதன்பின் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

(டாட் இந்தியா என்று தமிழிலேயே முகவரி கிடைக்கிறது. போடியில் ஒரு கடைப் பலகையிலாவது அதை நான் பார்த்ததில்லை. அந்த வருத்தத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

கடைக்காரர்களே, உங்கள் பேரில், உங்கள் சொந்த ஈமெயிலில் கணக்குத் திறங்கள். அந்த ஈமெயில் கடை டொமைனில் ஓடுவதாக இருக்கக் கூடாது. டொமைன் வேறு, சைட் வைக்கும் ஹோஸ்டிங் வேறு. தம்பி ஹோஸ்டிங்கைப் பார்க்கட்டும், பெயர் உங்களிடம் இருக்கட்டும்.

தம்பிகளா, எத்தனை பேர் பெயர் உங்கள் கணக்கில் கிடக்கிறது என்று இன்று ராத்திரியே எண்ணிப் பாருங்கள். பதிந்து 60 நாள் தாண்டிய டாட் காம் என்றால் லாக்கை எடுத்துவிட்டு, மாற்றுவதற்கான கோடை அவர்களுக்கு அனுப்புங்கள். அனுப்பியவர்கள் கீழே 'அனுப்பிட்டேன் சார்' என்று போடுங்கள், நான் பார்க்கிறேன்.