இரவல் இறக்கைகளும் கடைசி இலையும்

விமானத்தின் வாலில் எழுதப்பட்டிருக்கும் பெயரும், அதன் உரிமைப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் இந்தியாவில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. வாலில் இருப்பது விமான நிறுவனத்தின் பெயர். பத்திரத்தில் இருப்பது அயர்லாந்திலோ வேறெங்கோ பதிவு பெற்ற ஒரு குத்தகை நிறுவனத்தின் பெயர். பயணச்சீட்டு வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போவதால் பெரிய இழப்பில்லை. அந்நிறுவனத்தின் பங்கை வாங்குபவருக்குத் தெரியாமல் போனால், அதன் விலை அவருடைய சேமிப்பு.

குத்தகை என்பது நிதியியலில் மிக எளிய கருத்து. சொத்து ஒருவருடையது, பயன்பாடு மற்றொருவருடையது, இடையில் ஓடுவது வாடகை. பல நூறு கோடி ரூபாய் கொடுத்து விமானத்தை வாங்க இயலாத நிறுவனம், மாத வாடகைக்கு எடுத்துப் பறக்கவிடுகிறது. சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. நூற்றுக்கணக்கில் விமானங்களுக்கு ஆணை கொடுத்துத் தள்ளுபடி பெறுகின்றன. விமானம் கைக்கு வந்ததும் அதைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன. விற்ற பணம் உடனே கைக்கு வருகிறது. வாடகைச் சுமை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. இதில் சட்டப் பிழையோ ஒழுக்கப் பிழையோ இல்லை. நன்றாக நடக்கும் நிறுவனத்துக்கு இது விரைவான வளர்ச்சி. தடுமாறும் நிறுவனத்துக்கு, இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை.

நீண்ட காலம் இந்தச் சுமை கணக்கேட்டில் தன் முகத்தை முழுமையாகக் காட்டியதில்லை. ‘இயக்கக் குத்தகை’ என்று வகைப்படுத்தப்பட்டால், விமானமும் எதிர்கால வாடகைக் கடமையும் இருப்புநிலைக் குறிப்புக்குள் வரவே தேவையில்லை. பின்னிணைப்புக் குறிப்புகளைப் புரட்டும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே அது புலப்படும். 2019 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 116 இதை மாற்றியது. குத்தகைக் கடமைகள் கடனாகவே ஏட்டில் ஏறத் தொடங்கின.

அதே மாதம் 17ஆம் நாள் ஜெட் ஏர்வேஸ் தன் பறப்பை நிறுத்தியது. 2005இல் பங்கொன்றுக்கு 1,100 ரூபாய் விலையில் மக்களிடம் வந்த நிறுவனம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை இயக்கிய அந்நிறுவனத்தில், மிகப் பெரும்பாலானவை குத்தகை விமானங்களே. வாடகை நிலுவையால் விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நிறுத்தப்பட்டதை நிறுவனம் பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்தது உண்மைதான். ஆனால் அந்த அறிவிப்புகள் விமானங்கள் நின்ற பிறகு வந்தவை. வாடகை நின்ற அன்று வந்தவை அல்ல. அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் அப்பங்குகள் சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தன. மீட்புத் திட்டச் செய்தி வரும்போதெல்லாம் விலை ஏறியது. ஏறும்போது புதியவர்கள் வாங்கினர். 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க ஆணையிட்டபோது அந்த நம்பிக்கை முடிவுக்கு வந்தது.

கலைப்பு என்பது ஒரு பந்தி. யாருக்கு எந்த வரிசையில் இலை என்பதை நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. நடைமுறைச் செலவுகள் முதலில். அடுத்து, தொழிலாளர்களின் குறிப்பிட்ட கால நிலுவையும், பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தவர்களும் ஒரே வரிசையில். பின்னர் மற்ற ஊழியர்கள், பிணையமில்லாக் கடன் கொடுத்தவர்கள், அரசு நிலுவைகள், ஏனைய கடன்கள், முன்னுரிமைப் பங்குதாரர்கள். கடைசி இலை சாதாரணப் பங்குதாரருடையது. பெரும்பாலும் அந்த இலை விரிக்கப்படும்போது பாத்திரத்தில் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. குத்தகைக்கு விட்டவரின் விமானமோ இந்தப் பந்திக்கே வர வேண்டியதில்லை. அது நிறுவனத்தின் சொத்து அன்று. ஆகையால் பங்கிடப்படும் சொத்திலும் சேராது.

கோ ஃபர்ஸ்ட் விவகாரம் இந்த உரிமைக்கு ஒரு சோதனையாக அமைந்தது. 2023 மே மாதத் தொடக்கத்தில் அந்நிறுவனம் தானே திவால் நடைமுறையைக் கோரியது. தீர்ப்பாயம் அதை ஏற்றதும், எவரும் எதையும் மீட்க முடியாத தடைக்காலம் தொடங்கியது. உரிமையாளர்கள் தம் விமானங்களைத் தாமே எடுத்துச் செல்ல முடியாமல் நின்றனர். 2008இலேயே கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா இணைந்திருந்தும், அதற்கு உயிர் கொடுக்கும் தனிச் சட்டம் இல்லாதிருந்தது. 2023 அக்டோபர் 3 அன்று மத்திய அரசு விமானங்களையும் இயந்திரங்களையும் தடைக்காலத்திலிருந்து விலக்கி அறிவிக்கை வெளியிட்டது. 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்க உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் விமானப் பொருள்கள் மீதான நலன்களைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றின. தவணை தவறினால் இரண்டு மாதத்துக்குள் விமானத்தை மீட்கும் வழி இப்போது குத்தகையாளருக்கு உண்டு.

இந்தச் சட்டம் தேவையானதே. பிறர் பொருளைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தை மீட்பது நீதியாகாது. பொருள் திரும்பி வராது என்ற அச்சம் இருந்தால் வாடகை உயரும்; உயர்ந்த வாடகை இறுதியில் பயணச்சீட்டில் ஏறும். ஆயினும் இதன் மறுபக்கத்தைப் பேசாமல் விடுவது நேர்மையன்று. விமானங்கள் போய்விட்ட விமான நிறுவனத்தில் மீட்பதற்கு அதிகம் எதுவும் இருக்காது. ஆகவே மீட்பு வாய்ப்பு சுருங்கிய அளவுக்கு, முன்னெச்சரிக்கை பெருக வேண்டும். அங்கேதான் பங்குச் சந்தை ஒழுங்குமுறை பின்தங்கி நிற்கிறது.

செபி 1988இல் தொடங்கப்பட்டு 1992இல் சட்ட அதிகாரம் பெற்றது. அதற்கு முன் எந்த நிறுவனம் என்ன விலைக்குப் பங்கு வெளியிடலாம் என்பதை அரசின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரே முடிவு செய்தார். செபியின் வழி வேறு: விலையைச் சந்தை சொல்லட்டும், உண்மையை நிறுவனம் சொல்லட்டும். கோ ஃபர்ஸ்ட் 2021இல் 3,600 கோடி ரூபாய் திரட்டப் பங்கு வெளியீட்டு வரைவைச் சமர்ப்பித்தது. செபியின் ஒப்புதலும் கிடைத்தது. வெளியீடு நடக்கவில்லை. நடந்திருந்தால் இரண்டே ஆண்டுகளில் எத்தனை சிறு முதலீட்டாளர்கள் கடைசி இலைக்குக் காத்திருந்திருப்பார்கள்! இதில் செபியைக் குறை சொல்ல முடியாது. நிறுவனம் நல்லதா என்று அது சான்றளிப்பதில்லை; வெளியீட்டு ஆவணத்திலேயே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. வெளிப்படுத்தலை மட்டுமே நம்பி நிற்கும் ஏற்பாட்டில், எது வெளிப்படுத்தப்படுகிறது என்பதே எல்லாமாகிவிடுகிறது.

வங்கிக் கடன் தவணை 30 நாளுக்கு மேல் தவறினால், பட்டியலிடப்பட்ட நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று 2019 நவம்பரில் செபி சுற்றறிக்கை வெளியிட்டது. அது வங்கி, நிதி நிறுவனக் கடன்களையும் கடன் பத்திரங்களையும் பேசுகிறது. குத்தகை வாடகையைப் பேசவில்லை. கணக்கியல் தரநிலை குத்தகையைக் கடன் என்கிறது. வெளிப்படுத்தல் விதி அதைக் கடனாகக் கருதவில்லை. ஒரே கடமைக்கு இரண்டு விதிகளில் இரண்டு முகம். புதிய விமானச் சட்டமோ, நிலுவை விவரங்களை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்திடம் அளிக்கச் சொல்கிறது. அரசு அலுவலகம் ஒன்று அறிந்திருக்கும் செய்தி, பங்கு வாங்குபவருக்கு எட்ட வழியில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. குத்தகை வாடகைத் தவறலும் கடன் தவறலைப் போலவே 24 மணி நேரத்துக்குள் சந்தைக்கு அறிவிக்கப்பட வேண்டும். இயக்ககத்திடம் செல்லும் நிலுவை விவரத்தின் சுருக்கம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைப் பொறுத்தவரை, பொதுவெளிக்கு வர வேண்டும். பங்கு வெளியீட்டு ஆவணத்தின் முகப்பிலேயே, மொத்த விமானங்கள் எத்தனை, சொந்தம் எத்தனை என்று இரண்டே எண்கள் இருக்க வேண்டும்.

இப்படி அறிவித்தால் பீதி பரவி, பிழைக்கக்கூடிய நிறுவனமும் சாய்ந்துவிடும் என்பது வழக்கமான மறுப்பு. அந்த அச்சம் பொய்யானதன்று. ஆனால் வாடகை வரவில்லை என்பது குத்தகையாளருக்கு ஏற்கெனவே தெரியும்; வங்கிக்கும் விரைவில் தெரிந்துவிடும்; நிர்வாகத்துக்கு எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியாதவர்கள் மூவர்: பங்கு வைத்திருப்பவர், முன்பதிவு செய்திருப்பவர், அடுத்த மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஊழியர். அறியாதவர்களின் பணத்தால் காலம் வாங்கும் நிறுவனத்தைப் பிழைக்கக்கூடியது என்று அழைப்பது சரியாகாது.

பங்குதாரர் கடைசியில் நிற்பது நிதியியலின் நியாயமான ஏற்பாடுதான். லாபத்தின் எல்லையற்ற பங்குக்கு ஈடாக அவர் அந்த இடத்தை ஏற்கிறார். ஆனால் பாத்திரம் காலியாகிறது என்பதைப் பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லாமல் இருக்கும் உரிமையை அந்த ஏற்பாடு எவருக்கும் அளிக்கவில்லை.